கழிப்பறை இருக்கு... திறந்திருக்கா? - பொதுக் கழிப்பறைகள் எங்கே தோற்கின்றன?

வெயில் கொளுத்தும் மே மாதத்திலும் சென்னையில் வேலைக்குப் போகும் பல பெண்கள் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்கிறார்கள். பையில் தண்ணீர் பாட்டில் இருக்கும். ஆனால், குடிப்பது இரண்டு மடக்குதான். ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "குடிச்சா எங்க போறது?"

இந்தக் கேள்விக்கு அரசிடம் ஒரு பதில் இருக்கிறது. 'கழிப்பறைகள் கட்டியிருக்கிறோம், செல்போன் மேப்பில்கூட குறித்திருக்கிறோம்' என்பதுதான் அது. அதில் பொய்யில்லை. மத்திய வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற விவகார அமைச்சகம் கூகுளுடன் சேர்ந்து, நாடு முழுக்கப் பல நகரங்களின் பொதுக் கழிப்பறைகளை கூகுள் மேப்ஸில் சேர்த்திருக்கிறது. 'பப்ளிக் டாய்லெட்' என்று தேடினால் அருகில் இருப்பதைக் காட்டும்.

சிக்கல், அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான். சில இடங்களில் பூட்டு தொங்கும். பூட்டு இல்லையென்றால் தண்ணீர் வராது. தண்ணீர் வந்தால் தாழ்ப்பாள் இருக்காது. மூன்றும் சரியாக இருந்தால், வாசலில் ஒருவர் உட்கார்ந்து காசு கேட்பார். 'கட்டணம் இல்லை' என்ற போர்டு அவர் தலைக்கு மேலேயே இருக்கும்.

நம் ஊரில் பொதுக் கழிப்பறை பற்றிய பேச்சு 'எத்தனை கட்டினோம்' என்ற எண்ணிக்கையில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. கட்டியதில் இன்று, இந்த நேரத்தில் எத்தனை திறந்திருக்கின்றன? அவற்றில் எத்தனைக்குள் ஒரு பெண்ணோ, சக்கர நாற்காலியில் வருபவரோ தயங்காமல் போய்வர முடியும்? இந்தக் கணக்கைத்தான் யாரும் சொல்வதில்லை.

யாருக்கு இது அன்றாடப் பிரச்சினை?

ஐ.டி. நிறுவனத்திலோ வங்கியிலோ வேலை பார்ப்பவர்களுக்கு, பொதுக் கழிப்பறை என்பது எப்போதாவது பயணத்தில் வரும் அவஸ்தை. ஆனால், தெருவே அலுவலகமாக இருப்பவர்களுக்கு அப்படியில்லை. உணவு டெலிவரி செய்பவர்கள், ஆட்டோ ஓட்டுநர்கள், போக்குவரத்துக் காவலர்கள், தள்ளுவண்டிக்காரர்கள், பூ விற்பவர்கள், தெருவைப் பெருக்கும் தூய்மைப் பணியாளர்கள் எனப் பட்டியல் நீளம். எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் வெளியில்தான் இருக்கிறார்கள்.

ஆண்கள் எப்படியோ சமாளித்துக்கொள்கிறார்கள். ஊரில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் அந்தச் 'சமாளிப்பு' தெரியும். அந்தச் சுவர்களில் சாமி படம் ஒட்டி வைத்திருப்பதும் அதனால்தான். பெண்களுக்கு அந்த வழியும் இல்லை. எனவே, தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். சிறுநீரை அடக்குகிறார்கள். இரண்டுமே சிறுநீர்ப் பாதைத் தொற்றுக்கு வழி வகுப்பவை. பெண்களின் உடலில் சிறுநீர் வெளியேறும் குழாயின் நீளம் குறைவு என்பதால் கிருமி எளிதாக உள்ளே போய்விடும். வெயில் காலத்தில் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் சிறுநீரகக் கல், மயக்கம் என்று வேறு தொல்லைகளும் சேர்ந்துகொள்ளும். மாதவிடாய் நாட்கள், கர்ப்ப காலம், சர்க்கரை நோய் என்றால் நிலைமை இன்னும் மோசம்.

கடைகளில் வேலை பார்க்கும் பெண்களின் நிலையும் இதோடு ஒட்டியதுதான். 2021-ல் தமிழ்நாடு அரசு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்றது. கேரளா 2018-லேயே இதைச் செய்திருந்தது. நாள் முழுக்க நிற்கவைப்பது, கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்கவைப்பது ஆகிய இரண்டையும் எதிர்த்துத்தான் அங்கே பெண் ஊழியர்கள் போராடினார்கள். உட்காரும் உரிமை சட்டமாகிவிட்டது. 'போய்ட்டு வரேன்' என்று சொல்லும் உரிமை பல கடைகளில் இன்னும் மேற்பார்வையாளரின் முகத்தைப் பொறுத்தே இருக்கிறது.

சமீபத்தில் ஒரு நல்ல தொடக்கம் தெரிந்தது. 2025-ல் சென்னை மாநகராட்சி அண்ணா நகரில் கிக் தொழிலாளர்களுக்காக ஏசி ஓய்வறை திறந்தது. கழிப்பறையும் உண்டு. ஆனால், ஒரு டெலிவரி ஊழியர் ஒரே நாளில் அண்ணா நகர், அம்பத்தூர், கோயம்பேடு என்று சுற்றுகிறார். ஓய்வறை இருக்கும் இடத்தைத் தேடி அவர் போக முடியாது. அவர் போகும் வழியில்தான் அது இருக்க வேண்டும்.

கட்டினோம்... அப்புறம்?

2014 அக்டோபர் 2-ல் தூய்மை இந்தியா திட்டம் தொடங்கிய பிறகு கழிப்பறை கட்டுவது நாடு முழுக்கப் பெரிய இயக்கமாகவே நடந்தது. தமிழ்நாட்டில் அதற்கு முன்பே முயற்சிகள் இருந்தன. தாம்பரத்தில் தொடங்கிய 'நம்ம டாய்லெட்' அதில் ஒன்று. வெளிச்சம், காற்றோட்டம், சாய்தளம் என்று பார்த்துப் பார்த்து வடிவமைத்தார்கள். வேறு ஊர்களுக்கும் அது பரவியது. பிறகு காசு போட்டால் கதவு திறக்கும், தானாகவே தண்ணீர் ஊற்றிச் சுத்தம் செய்துகொள்ளும் இ-டாய்லெட்டுகள் சென்னைத் தெருக்களில் வந்தன.

இவற்றில் பல, சில வருடங்களிலேயே வெறும் பெட்டிகளாக நின்றன. இ-டாய்லெட்டில் சென்சார் பழுதானால் அதைச் சரிசெய்யத் தெரிந்தவர் அந்தத் தெருவில் இல்லை. மின்சாரம் போனால் கதவு திறக்குமா என்ற பயத்தில் பலர் உள்ளே போகவே இல்லை. தண்ணீர் லாரி வராத நாளில் தானியங்கிச் சுத்தமும் கிடையாது.

ஒரு பொதுக் கழிப்பறை ஒரே நாளில் கெட்டுப்போவதில்லை. அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பல்பு ஃபியூஸ் ஆகும். இருட்டாக இருப்பதால் பெண்கள் வருவது குறையும். அடுத்து ஒரு குழாய் உடையும். பக்கத்து அறைத் தண்ணீரை வாளியில் பிடித்து ஊற்றுவார்கள். ஊற்றாதவர்களும் இருப்பார்கள். நாற்றம் வரும். பிறகு ஒரு பீங்கான் அடைத்துக்கொள்ளும். அந்த அறையைப் பூட்டுவார்கள். மிச்சம் இருக்கும் அறைகளில் கூட்டம் இரண்டு மடங்காகும், அவையும் அடைக்கும். கடைசியில் முழுக் கட்டடத்துக்கும் பூட்டு. நூறு, இருநூறு ரூபாய் பல்பை அன்றைக்கே மாற்றியிருந்தால் பல லட்ச ரூபாய் கட்டடம் பிழைத்திருக்கும்.

ஏன் மாற்றவில்லை? கட்டுவதற்கு ஒரு தலைப்பில் பணம் வருகிறது. திறப்பு விழா நடக்கும், கல்வெட்டு வைக்கப்படும். பல்பு மாற்றுவதற்குக் கல்வெட்டு வைக்க முடியாது. கட்டடம் பொறியியல் பிரிவின் கையில், சுத்தம் சுகாதாரப் பிரிவின் கையில், தண்ணீர் குடிநீர் வாரியத்தின் கையில், விளக்கு மின்பிரிவின் கையில். புகார் செய்தால், 'அது எங்க வேலை இல்லைங்க' என்பதுதான் முதலில் வரும் பதில்.

மத்திய அரசின் சொந்த அளவுகோலே இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. ஒரு நகரம் 'ஓ.டி.எஃப். பிளஸ்' என்ற தகுதியைப் பெற வேண்டுமானால், திறந்தவெளியில் யாரும் மலம், சிறுநீர் கழிக்கக் கூடாது என்பதோடு, பொதுக் கழிப்பறைகள் எல்லாம் இயங்கும் நிலையில், பராமரிப்போடு இருக்க வேண்டும். அடுத்த படியான 'ஓ.டி.எஃப். பிளஸ் பிளஸ்' தகுதிக்குக் கழிவும் பாதுகாப்பாகச் சுத்திகரிக்கப்பட வேண்டும். ஆய்வுக் குழு வரும் வாரத்தில் பளிச்சென்று இருப்பது பெரிய விஷயமில்லை. மற்ற 51 வாரங்களிலும் அப்படி இருக்க வேண்டும்.

430 கோடி கணக்கு என்ன சொல்கிறது?

சென்னை மாநகராட்சி, ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களிலும் மெரினா பகுதியிலும் 372 இடங்களில் உள்ள கழிப்பறைகளை, சுமார் 430 கோடி ரூபாய் மதிப்பில் தனியார் பங்களிப்போடு புதுப்பித்துப் பராமரிக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. கட்டுமானம், பராமரிப்பு இரண்டும் சேர்த்து ஒன்பது ஆண்டுகள். 'கழிப்பறைக்கு இவ்வளவா?' என்று அரசியல் வட்டாரத்தில் கேள்வி எழுந்தது.

கேள்வி நியாயமானதுதான். கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 430 கோடியை 372 இடங்களுக்குப் பிரித்தால் ஒரு இடத்துக்கு ஏறக்குறைய 1 கோடியே 15 லட்சம். ஒன்பது ஆண்டுகளுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 12.8 லட்சம். ஒரு நாளைக்குச் சுமார் 3,500 ரூபாய். இதில் கட்டட வேலை, ஆட்கள் சம்பளம், தண்ணீர், பினாயில், பழுதுபார்ப்பு என எல்லாமும் அடக்கம் என்று வைத்துக்கொண்டால், ஷிஃப்ட் முறையில் ஆட்கள் வேலை பார்க்கும், பல இருக்கைகள் கொண்ட கழிப்பறைக்கு இது ஆகாயத்தைத் தொடும் தொகை இல்லை. ஆனால், கழிப்பறை பூட்டிக்கிடந்தால் அந்த 3,500 ரூபாயும் தண்டம்.

இந்தத் திட்டத்தின் அடிப்படை யோசனை சரியானது. கட்டிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட முடியாது. பணத்தின் பெரும் பகுதி ஆண்டுக்கணக்கில், பராமரிப்போடு சேர்ந்து வரும். கட்டியவரே பராமரிக்க வேண்டும் என்றால், சீக்கிரம் உடையும் மலிவுக் குழாயை அவர் மாட்ட மாட்டார். ஏனென்றால், மாற்ற வேண்டியதும் அவர்தான். மெரினா மாதிரி இடத்தில் இது ரொம்ப முக்கியம். உப்புக் காற்றில் இரும்பு தாழ்ப்பாள் சீக்கிரமே துருப்பிடிக்கும், கால்களோடு வரும் மணல் வடிகாலை அடைக்கும்.

ஆனால், யோசனை சரியாக இருந்தால் மட்டும் போதாது. எந்தக் கழிப்பறை எத்தனை மணி நேரம் மூடியிருந்தது, அதற்காக ஒப்பந்ததாரரின் தொகையில் எவ்வளவு பிடித்தார்கள் என்பது வார்டு வாரியாக மாதாமாதம் வெளியே வர வேண்டும். அபராதம் என்ற வார்த்தை ஒப்பந்தத்தில் இருந்து, அது ஒருமுறைகூட போடப்படவில்லை என்றால், இதுவும் பழைய டெண்டர் கதைதான்.

காசு வாங்கலாமா, கூடாதா?

கட்டணக் கழிப்பறை இந்தியாவுக்குப் புதிதல்ல. பிந்தேஷ்வர் பாடக் தொடங்கிய சுலப் அமைப்பு 1974-ல் பாட்னாவில் இதை ஆரம்பித்தது. சிறு தொகை வாங்கி, அதில் ஆள் வைத்துச் சுத்தமாக வைத்துக்கொள்வதுதான் திட்டம். இலவசமாக நாறிக்கிடப்பதைவிட, இரண்டு ரூபாய் கொடுத்துச் சுத்தமாக இருப்பது மேல் என்று மக்களும் ஏற்றுக்கொண்டார்கள்.

நம் மாநிலத்திலேயே இதற்கு நல்ல உதாரணம் திருச்சி. 2000-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், கிராமாலயா தொண்டு நிறுவனத்தின் துணையோடு குடிசைப் பகுதிப் பெண்களின் சுய உதவிக் குழுக்கள் அங்கே சமுதாயக் கழிப்பறைகளை நடத்த ஆரம்பித்தன. அந்தத் தெருப் பெண்களே டோக்கன் கொடுப்பார்கள், கணக்கு எழுதுவார்கள், சுத்தம் செய்ய ஆள் வைப்பார்கள், மோட்டார் ரிப்பேர் பார்ப்பார்கள். மிச்சமான பணம் அந்தப் பகுதியின் மற்ற தேவைகளுக்குப் போனது. இந்த நிறுவனத்தைத் தொடங்கிய தாமோதரனுக்கு 2022-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதே திருச்சி மாவட்டத்து முசிறியில், கழிவை உரமாக்கும் சூழல் கழிப்பறையைப் பயன்படுத்துபவர்களுக்கு அமைப்பாளர்களே காசு கொடுத்த வேடிக்கையும் நடந்தது. அதை முன்னெடுத்த சுப்புராமனுக்கு 2021-ல் பத்மஸ்ரீ.

திருச்சி ஏன் ஜெயித்தது? கழிப்பறை கெட்டால் முதலில் பாதிக்கப்படுபவர்களே அதை நடத்தினார்கள். பல்பு போனால் இருட்டில் போக வேண்டியது அவர்கள் மகள்தான். அதனால், பல்பு அன்றைக்கே மாறியது.

ஆனால், திருச்சி மாதிரியை அப்படியே பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோக முடியாது. அங்கே வந்து போகிறவர்களுக்கு அந்த இடத்தோடு எந்தப் பந்தமும் இல்லை. கட்டணத்தில் இன்னொரு அநியாயமும் இருக்கிறது. பல இடங்களில் ஆண்கள் சிறுநீர் கழிக்க இலவசம் அல்லது குறைந்த தொகை. பெண்கள் எதற்குப் போனாலும் அறைக்குள்தான் போக வேண்டும், எனவே முழுக் கட்டணம். ஐந்து ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு நாளைக்கு நான்கு தடவை போகும் பூக்காரம்மாவுக்கு 20 ரூபாய். மாதம் 26 நாளுக்கு 520 ரூபாய். ஒரே இயற்கை உபாதைக்கு அவர் கூடுதல் வரி கட்டுகிறார்.

எனவே, சிறுநீர் கழிக்க யாரிடமும் காசு வாங்கக் கூடாது என்பதே குறைந்தபட்ச நியாயம். குளியல், பொருள் வைக்க லாக்கர் போன்றவற்றுக்குக் கட்டணம் வைக்கலாம். மற்றதெல்லாம் தெருவிளக்கு மாதிரிதான். தெருவிளக்கின் கீழே நடக்க யாரும் டோக்கன் வாங்குவதில்லை.

பெண்கள் பக்கம் மட்டும் ஏன் வரிசை?

சினிமா தியேட்டர், கல்யாண மண்டபம், ரயில் நிலையம் என்று எங்கே பார்த்தாலும் பெண்கள் கழிப்பறை வாசலில்தான் வரிசை நிற்கும். 'உள்ள போய் என்னதான் பண்றாங்களோ' என்று கிண்டல் வேறு. காரணம் கட்டட வரைபடத்திலேயே இருக்கிறது.

ஆண்களுக்கும் பெண்களுக்கும் சமமாக இடம் ஒதுக்கியதாகச் சொல்வார்கள். ஆனால், ஒரு அறை கட்டும் இடத்தில் இரண்டு சிறுநீர்ப் பீங்கான்கள் வைத்துவிடலாம். அதனால், ஒரே பரப்பளவில் ஆண்கள் பக்கம் அதிகம் பேர் போகலாம். பெண்களுக்கு உடையைச் சரிசெய்ய, நாப்கின் மாற்ற, கூட வந்த குழந்தையைப் பார்த்துக்கொள்ள நேரமும் கூடுதலாக வேண்டும். ஒருவருக்கு மூன்று நிமிடம் என்று வைத்தால், இரண்டு அறைகள் உள்ள இடத்தில் இருபதாவதாக நிற்கும் பெண் உள்ளே போக அரை மணி நேரம் ஆகிவிடும். இடைவேளை முடிந்து படமே ஓட ஆரம்பித்திருக்கும். பஸ் என்றால் போயே போயிருக்கும்.

தூய்மை இந்தியா திட்டத்தின் வழிகாட்டு விதி இதை ஓரளவு ஒப்புக்கொள்கிறது. சமுதாயக் கழிப்பறையில் 35 ஆண்களுக்கு ஒரு இருக்கை என்றால், 25 பெண்களுக்கு ஒரு இருக்கை என்கிறது அது. சமமான பரப்பளவை விட்டுவிட்டு, சமமான காத்திருப்பு நேரத்தைக் கணக்கில் எடுத்தால் பெண்களுக்கு இன்னும் கூடுதல் அறைகள் தேவைப்படும்.

இருக்கை எண்ணிக்கையைத் தாண்டி சின்னச் சின்ன விஷயங்கள் இருக்கின்றன. பையை மாட்ட ஒரு கொக்கி, நாப்கின் போட மூடியுள்ள கூடை, உள்ளே விளக்கு, வாசலில் ஒரு பெண் பணியாளர். கொக்கி இல்லாவிட்டால் ஈரத் தரையில் பையை வைக்க முடியாமல் வாயில் கவ்விக்கொள்ள வேண்டியதுதான். கூடை இல்லாவிட்டால் நாப்கின் பீங்கானுக்குள் போகும், அடுத்த நாளே அடைப்பு வரும். பிறகு 'பொம்பளைங்க பக்கம்தான் அடிக்கடி அடைக்குது' என்று பழியும் வரும்.

சாய்தளம் இருக்கு, நுழைய முடியாது

சக்கர நாற்காலி படம் போட்ட நீல நிற போர்டு பல கழிப்பறைகளில் இருக்கிறது. உள்ளே எட்டிப் பார்த்தால் துடைப்பம், பினாயில் கேன், உடைந்த நாற்காலி. மாற்றுத்திறனாளிகளுக்கான அறை ஸ்டோர் ரூம் ஆகியிருக்கும். கேட்டால், 'யாரும் வர்றதில்ல சார்' என்பார்கள். நுழைய முடியாத அறைக்கு யார் வருவார்கள்?

இதற்கென்று அளவுகள் இருக்கின்றன. சாய்தளத்தின் சரிவு 1-க்கு 12 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். 15 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரே ஒரு படிக்கு 1.8 மீட்டர் நீளமான சாய்தளம் வேண்டும். இரண்டு படி என்றால் 3.6 மீட்டர். நம் ஊர்களில் இதில் பாதி நீளத்தில் செங்குத்தாக ஒன்றைக் கட்டிவிடுகிறார்கள். அதில் சக்கர நாற்காலியைத் தள்ள இரண்டு பேர் வேண்டும். கதவின் அகலம் 90 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். உள்ளே நாற்காலியைத் திருப்ப ஒன்றரை மீட்டர் இடம் வேண்டும். பிடித்துக்கொள்ள உறுதியான கம்பி வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் மற்ற எல்லாமும் வீண்.

சட்டமும் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை ஐந்து ஆண்டுகளுக்குள் அணுகத்தக்கவையாக மாற்ற வேண்டும் என்றது. விதிகள் 2017-ல் வந்தன. அந்தக் கெடு 2022-லேயே முடிந்துவிட்டது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக வைத்திருந்த விதி செல்லாது என்றும், கட்டாயத் தரங்களை மூன்று மாதத்தில் உருவாக்க வேண்டும் என்றும் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

அடுத்த இரண்டு மாதத்தில் இன்னொரு தீர்ப்பு. 2025 ஜனவரி 15 அன்று நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு, நாட்டின் எல்லா நீதிமன்ற, தீர்ப்பாய வளாகங்களிலும் ஆண்கள், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், திருநர்கள் ஆகியோருக்குத் தனித்தனிக் கழிப்பறை வசதி வேண்டும் என்றது. கழிப்பறை வசதி என்பது அரசமைப்புச் சட்டம் 21-வது பிரிவு தரும் வாழும் உரிமையின் பகுதி என்றும் சொன்னது. தீர்ப்பு நீதிமன்ற வளாகங்களைப் பற்றியது. ஆனால், கோர்ட் வாசலில் இருக்கும் வாழும் உரிமை பஸ் ஸ்டாண்டு வாசலில் இல்லாமல் போகாது.

சுத்தம் செய்பவர் யார்?

கழிப்பறை சுத்தமாக இல்லை என்று கோபப்படும்போது, அதைச் சுத்தம் செய்பவரைப் பற்றி யோசிப்பவர்கள் குறைவு. ஒப்பந்தக் கூலி, கையுறையும் பூட்ஸும் பல இடங்களில் பெயருக்குத்தான். தரையில் கறை போகவில்லை என்றால் கையில் ஆசிட் பாட்டிலைக் கொடுத்துவிடுவார்கள். ஆசிட் மூச்சுக்கும் தோலுக்கும் ஆபத்து. டைல்ஸ் இடைவெளியில் இருக்கும் பூச்சையும் அரித்துவிடும். அந்த இடுக்கில் அழுக்கு தேங்கி, அடுத்த முறை இன்னும் அதிக ஆசிட் தேவைப்படும்.

பீங்கானுக்குக் கீழே செப்டிக் டேங்க் இருக்கிறது. மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013-ல் வந்தது. அதற்குப் பிறகும் சாவுகள் நிற்கவில்லை. நாடாளுமன்றத்தில் மத்திய அரசு தந்த கணக்குகளில், 1993 முதல் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் அதிகம் பேர் இறந்த மாநிலமாகத் தமிழ்நாடு இடம்பெற்றிருக்கிறது. 2014-ல் 10 லட்சம் ரூபாயாக இருந்த இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. இழப்பீடு கூடியது, இறங்கச் சொல்பவர்களுக்குப் பயம் கூடியதா என்பது சந்தேகமே. இந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாக எந்தச் சாதிகளின் தலையில் கட்டியிருக்கிறோம் என்பது எல்லோருக்கும் தெரியும். 'யாரோ வந்து கழுவுவாங்க' என்ற அலட்சியம் அங்கிருந்துதான் வருகிறது.

வேறு மாதிரி யோசிக்க முடியும் என்பதற்கு டோக்கியோ ஒரு சாட்சி. அங்கே ஷிபுயா பகுதியில் 'தி டோக்கியோ டாய்லெட்' என்ற திட்டத்தில், தடாவோ ஆண்டோ, ஷிகெரு பான் போன்ற உலகப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர்களை வைத்து 17 பொதுக் கழிப்பறைகள் கட்டினார்கள். கட்டியதோடு விடாமல், பராமரிப்பையும் திட்டத்தின் பகுதியாகவே வைத்தார்கள். அந்தக் கழிப்பறைகளைச் சுத்தம் செய்யும் ஒருவரைக் கதாநாயகனாக வைத்து விம் வெண்டர்ஸ் எடுத்த 'பெர்ஃபெக்ட் டேஸ்' படத்துக்காக, 2023 கான் விழாவில் கோஜி யாகுஷோவுக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. நமக்குக் கண்ணாடிச் சுவர் கழிப்பறை வேண்டாம். அந்த வேலைக்குக் கிடைத்த மரியாதை வேண்டும்.

'மக்கள் சரியில்லை' என்ற பதில்

எந்த அதிகாரியிடம் கேட்டாலும் வரும் பதில் இது. குழாயைத் திருடுகிறார்கள், பான் பராக் துப்புகிறார்கள், தண்ணீர் ஊற்றுவதில்லை. இதில் உண்மை இல்லாமல் இல்லை. பயன்படுத்தியபின் தண்ணீர் ஊற்றுவதும், நாப்கினைக் காகிதத்தில் சுற்றிக் கூடையில் போடுவதும் ஒவ்வொருவரின் கடமை. அதைச் சொல்லிக் கொடுக்கத்தான் வேண்டும்.

ஆனால், அதே மக்கள்தான் மெட்ரோ ரயில் நிலையத்துக்கும் வருகிறார்கள். அங்கே துப்புவதில்லை. ஆளிருக்கிறது, விளக்கு எரிகிறது, காலையில் அழுக்கானால் அடுத்த சுற்றிலேயே துடைத்துவிடுகிறார்கள். சுத்தமாக இருக்கும் இடத்தை முதலில் அழுக்காக்க மனிதருக்குக் கூச்சம் வரும். ஏற்கெனவே நாறும் இடத்தில் அந்தக் கூச்சம் போய்விடும். பராமரிப்பு வந்தால் பழக்கம் பின்னாலேயே வரும்.

என்ன செய்யலாம்?

பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. செய்ய வேண்டியவை கண்ணுக்கு முன்னாலேயே இருக்கின்றன.

ஒன்று, ஒவ்வொரு கழிப்பறை வாசலிலும் திறக்கும் நேரம், கட்டணம், பொறுப்பாளரின் பதவி, புகார் எண் ஆகியவை பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். மார்க்கெட், பஸ் ஸ்டாண்டு, மருத்துவமனை அருகே 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும். இரவு வேலைக்குப் போகிறவர்களும் இந்த ஊர்க்காரர்கள்தான்.

இரண்டு, ஒரு கழிப்பறைக்கு ஒரே ஒரு பொறுப்பாளர். பல்பு, குழாய், தாழ்ப்பாள் எது போனாலும் அவர் யாரையும் கேட்காமல் அன்றைக்கே மாற்ற, கையில் சிறு தொகை கொடுக்க வேண்டும்.

மூன்று, ஒப்பந்ததாரருக்குக் கொடுத்த தொகை, பிடித்தம், மூடியிருந்த நேரம் ஆகியவற்றை மாதாமாதம் வெளியிட வேண்டும். சென்னையில் கழிப்பறைச் சுவர்களில் ஒட்டிய கியூஆர் கோடில் மக்கள் சொன்ன கருத்துகளும் அதில் சேர வேண்டும்.

நான்கு, இருக்கும் கழிப்பறைகளையும் திறந்துவிட வேண்டும். பெட்ரோல் பங்குகளில் வாடிக்கையாளர்களுக்குச் சுத்தமான கழிப்பறை இருக்க வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதி. அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். 2017-ல் தெற்கு டெல்லி மாநகராட்சி, உணவகங்கள் தங்கள் கழிப்பறைகளைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட வேண்டும், அதிகபட்சம் ஐந்து ரூபாய் வாங்கலாம் என்றது. இங்கே வரிச் சலுகை கொடுத்துக்கூட இதைச் செய்து பார்க்கலாம்.

ஐந்து, வரைபடத்துக்கு ஒப்புதல் தரும் முன் ஒரு பெண்ணும், சக்கர நாற்காலி பயன்படுத்தும் ஒருவரும், கழிப்பறையைச் சுத்தம் செய்யும் பணியாளர் ஒருவரும் அதைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். மூன்று பேரின் ஒரு மணி நேரம், முப்பது வருடத் தவறைத் தடுக்கும்.

பொதுமக்கள் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. பூட்டிக்கிடக்கும் கழிப்பறையைப் பார்த்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு நகராமல், சென்னையில் இருப்பவர்கள் 1913 என்ற எண்ணுக்கு ஒரு போன் போடலாம். இடம், நேரம், என்ன பழுது என்று சொல்லிப் புகார் எண்ணை வாங்கிக்கொள்ளலாம். அதை வார்டு கவுன்சிலருக்கும் அனுப்பலாம். குடிநீர், சாலை பற்றிக் கேட்பதைப் போல, ஓட்டுக் கேட்டு வருபவரிடம் 'நம்ம வார்டு டாய்லெட் ராத்திரி பத்து மணிக்குத் திறந்திருக்குமா?' என்றும் கேட்கலாம்.

கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை. கேட்காமல் விட்டால், அடுத்த மே மாதமும் பையில் இருக்கும் அந்தத் தண்ணீர் குடிக்கப்படாமலேயே வீடு திரும்பும்.